நோ மேன்ஸ் ஸ்கை: இன்று வாங்கலாம், அன்று விற்றது தப்பு

நோ மேன்ஸ் ஸ்கை என்ற விண்வெளி வீடியோ கேமை வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும், "ஆரம்பத்தில் சொதப்பினார்கள், அப்புறம் சரிசெய்துவிட்டார்கள்" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. சொதப்புவது வேறு, இருப்பதாகச் சொன்னது இல்லாமலே முழு விலை வாங்குவது வேறு.

முதலில் கேம். எங்கோ ஒரு கோளில், நம் விண்கலம் எங்கே கிடக்கிறது என்றே தெரியாமல் கண் விழிக்கிறோம். உடையின் பாதுகாப்பு குறைந்துகொண்டே வருகிறது. மஞ்சளாக மினுங்கும் செடியைத் தேடிப் போய் சோடியம் எடுத்தால்தான் உயிர் தங்கும். பாறையை ஒளிக்கதிரால் உடைத்து, ஃபெரைட் என்ற தாதுவைச் சேர்த்து, பழுதான கலத்தைச் சரிபார்த்துக் கிளப்புகிறோம். அந்த இடத்தில்தான் இந்த கேம் என்னைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நிறம் மெல்லக் கருக்கிறது, அப்படியே விண்வெளிக்கு வந்துவிடுகிறோம். நடுவில் லோடிங் திரை கிடையாது. கலத்தைத் திருப்பினால், இவ்வளவு நேரம் அலைந்து திரிந்த நிலம் முழு உருண்டையாகக் கண்முன் நிற்கிறது.

இப்படி 18-க்குப் பின்னால் 18 சுழியம் போடும் அளவுக்குக் கோள்கள். இவற்றை யாரும் உட்கார்ந்து வரையவில்லை, எங்கும் சேமித்தும் வைக்கவில்லை. ஒரு எண்ணைக் கொடுத்தால் சூத்திரம் அந்த நேரத்தில் மலையையும் மரத்தையும் உருவாக்குகிறது. அதே எண்ணுக்கு எப்போதும் அதே கோள். அதனால் ஒரே கோளுக்குப் போகும் இரண்டு பேர் ஒரே மலையைத்தான் பார்ப்பார்கள். ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டுமென்றால் சூத்திரம் போதாது, இரண்டு கணினிகளும் இணையத்தில் பேசிக்கொள்ள வேண்டும். 2016-ல் வெடித்த பிரச்சினையே இதுதான்.

இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் இருக்கும் ஹலோ கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் இதை 2013 டிசம்பரில் அறிவித்தது. அதே மாதம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அவர்களுடைய அலுவலகத்தில் வெள்ளம் புகுந்தது. அதையும் தாண்டி அடுத்த ஆண்டு ஈ3 என்ற பெரிய கேம் கண்காட்சியில் சோனியின் மேடை வரை வந்தார்கள். அந்த உழைப்பின் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. ஆனால் நிறுவனத்தின் தலைவர் ஷான் முர்ரே, பேட்டிக்குப் பேட்டி நம்பிக்கையை ஏற்றிக்கொண்டே போனார். மற்ற ஆட்டக்காரர்களைச் சந்திக்க முடியுமா என்று கேட்டால், முடியும், இடம் பெரியது என்பதால் வாய்ப்புதான் ரொம்பக் குறைவு என்பார். வெளியீட்டை ஒட்டித்தான், இது பலர் சேர்ந்து ஆடும் கேம் அல்ல என்று ட்விட்டரில் எழுதினார். 2016 ஆகஸ்ட் 9 அன்று, சோனியின் கேம் கருவியான பிளேஸ்டேஷன் 4-ல் கேம் வெளியானது. விலை 60 டாலர். உடனேயே இரண்டு பேர் பேசிவைத்துக்கொண்டு ஒரே கோளில், ஒரே இடத்தில் போய் நின்றார்கள். இருவருக்கும் ஒரே நிலப்பரப்பு தெரிந்தது. ஆள் தெரியவில்லை.

வாய்ப்பு குறைவு என்பதும் வாய்ப்பே இல்லை என்பதும் ஒன்றா? வாங்குகிறவரைப் பொறுத்தவரை அங்கேதான் காசே இருக்கிறது. ஏமாற்றம் இது ஒன்றோடு நிற்கவும் இல்லை. டிரெய்லரில் மரங்களைச் சாய்த்துக்கொண்டு போன பெரிய விலங்குகளையும், மணலைப் பிளந்து எழுந்த ராட்சதப் புழுவையும் தேடியவர்களுக்கு அவை கிடைக்கவில்லை. புழு வர 2020 செப்டம்பர் ஆனது.

விளம்பரம் ஏமாற்றுகிறது என்று பிரிட்டனின் விளம்பர ஒழுங்குமுறை அமைப்பிடம் புகார் போனது. 2016 நவம்பரில் தள்ளுபடியானது. ஆனால் அவர்கள் ஆராய்ந்தது, கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் இணையக் கடையின் பக்கத்தில் இருந்த படங்களையும் வீடியோக்களையும் வர்ணனையையும்தான். பேட்டியில் வாயால் சொன்னதற்கு யார் பொறுப்பு?

இனி அவர்களுக்குச் சேர வேண்டிய பாராட்டு. ஓடிப் போகவில்லை. 2016 நவம்பரில் கோள்களில் சொந்தத் தங்குமிடம் கட்டும் வசதி, 2017 மார்ச்சில் தரை வண்டிகள், 2018 ஜூலையில் 'நெக்ஸ்ட்' அப்டேட்டில் ஒருவரை ஒருவர் முழு உருவமாகப் பார்த்து ஆடும் வசதி, 2019-ல் வி.ஆர். கண்ணாடி போட்டு ஆடும் வசதி என்று வந்துகொண்டே இருந்தன. 2024-ல் நீரும் மேகமும் புதிதாயின. எல்லாமே இலவசம்.

நானும் என் தம்பியும் ஆடுவது இந்தப் பிற்கால வடிவத்தைத்தான். நான் ஒரு ஏரிக்கரையில் வரைபடத்தைத் துழாவிக்கொண்டிருந்தபோது ஹெட்ஃபோனில், "அக்கா, பின்னாடி திரும்பு" என்றான். திரும்பினால் ஆரஞ்சு உடையில் நின்று கையை ஆட்டுகிறான். சாதாரண விஷயம்தான். ஆனால் அந்த ஏரியும் அந்த உடையும் ஒரே திரையில் சேர்ந்து தெரிந்தபோது, முதல் வாரத்தில் முழுக் காசு கொடுத்தவர்கள் எதற்கு ஆசைப்பட்டார்கள் என்று எனக்குத் துல்லியமாகப் புரிந்தது. கோபமும் வந்தது. நான் தள்ளுபடி விலையில் வாங்கி இதை அனுபவிக்கிறேன். 60 டாலர் கொடுத்து வெறுத்துப்போய் வட்டை விற்றுவிட்டவருக்கு இந்த இலவச அப்டேட்களால் என்ன பயன்?

'பிடிக்காவிட்டால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமே' என்பார்கள். ஸ்டீமில் பொதுவான விதி, வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள். இந்த கேமில் கலத்தைச் சரிசெய்து, நாலு இடம் சுற்றினாலே 2 மணி நேரம் ஓடிவிடும். இவ்வளவு பெரிய கேமில் எது இல்லை என்று தெரிவதற்குள் கெடு முடிந்துவிடும்.

சைபர்பங்க் 2077 என்ற வேறொரு நிறுவனத்தின் கேமிலும் இதே கதைதான். 2020 டிசம்பரில் வெளியாகி, பிளேஸ்டேஷன் 4 போன்ற பழைய கன்சோல்களில் திணறி, சில நாட்களிலேயே சோனி அதைத் தன் கடையிலிருந்து எடுத்தது. டிரெய்லரில் காட்டிய மெட்ரோ ரயிலில் ஏறிப் பயணம் செய்ய 2023 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வாங்கப் போகிறவர்களுக்கு: ஸ்டீமில் தள்ளுபடி அடிக்கடி வரும், அதுவரை பொறுங்கள். கேமில் சேர்க்கும் சாமான்களைப் பெட்டிகளில் அடுக்குவது சலிப்பு தரும் வேலை. கோள்களும் போகப்போக ஒன்றுபோலத் தோன்ற ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் சுற்றுவதை விட்டுவிட்டு ஏதாவது கட்ட ஆரம்பியுங்கள், கேம் மறுபடியும் சூடு பிடிக்கும். முதல்முறை ஆடுகிறவர்கள் எளிதான 'ரிலாக்ஸ்டு' முறையில் தொடங்குவது நல்லது. சேர்ந்து ஆட ஒரு ஆள் இருந்தால் இன்னும் நல்லது. இதே நிறுவனம், 2023-ல் அறிவித்த 'லைட் நோ ஃபயர்' என்ற கேமில் பூமி அளவுக்கு ஒரே உலகம் இருக்கும், எல்லோரும் சேர்ந்து ஆடலாம் என்கிறது. ஆர்வமாகத்தான் இருக்கிறேன். ஆனால் முன்பதிவு செய்ய மாட்டேன். தம்பியையும் செய்ய விடமாட்டேன்.