கரும்புச் சோகையா, வெட்டிய புல்லா? டர்பன் கோடைக்கு மூடாக்கு

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வெயிலும் மழையும் சேர்ந்தே அடிக்கும். காய்கறிப் பாத்தியை மூடாக்கு (மண்மேல் பரப்பும் சோகை, புல் போன்றவை) இல்லாமல் விடவே கூடாது.

செலவு: புல் வீட்டிலேயே கிடைக்கும். சோகைக்கு, அதாவது கரும்பின் காய்ந்த இலைக்கு, கரும்பு வயல்கள் உள்ள டொங்காட், வெருலம் ஊர்கள் பக்கம் வண்டி எடுக்க வேண்டும். கரும்பை எரிக்காமல் வெட்டும் வயலில்தான் சோகை மிஞ்சும்; டிசம்பரில் வெட்டு முடிவதற்குள் வாங்கிவிடுங்கள்.

ஆயுள்: சோகை 8 செ.மீ. போட்டால் கோடை முழுக்கத் தாங்கும். புல் சில வாரங்களில் மக்கிவிடும்.

சிக்கல்: புல்லில்தான் அதிகம். பச்சையாகக் குவித்தால் சூடேறி, பாய்போல் ஒட்டிக்கொள்ளும். தூக்கிப் பார்த்தால் அடியில் கொழகொழவென்று நாறும், மண்ணோ காய்ந்து கிடக்கும். இரண்டு நாள் உலர்த்தி, 2 செ.மீ. மட்டும் தூவுங்கள். களைக்கொல்லி அடித்த புல் வேண்டவே வேண்டாம், தக்காளி இலை சுருண்டுவிடும். சோகையை மண்ணோடு கொத்திவிட்டால் தழைச்சத்து குறைந்து செடி மஞ்சளாகும், மேலேயே கிடக்கட்டும். எதுவானாலும் தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

கத்தரி, மிளகாய், வெண்டைக்குச் சோகை. சீக்கிரம் அறுக்கும் கீரைக்குப் புல்லே போதும்.