தாவுல் சாந்த் கிளிமென்ட் தேவாலயம், ஒரு சாயக்காரன் பார்வையில்

திருப்பூர் சாயப்பட்டறையில் 22 வருடமாக டையிங் மாஸ்டர் வேலை. துணி வாங்கும் பையரைப் (buyer) பார்க்க ஸ்பெயினில் உள்ள பார்சிலோனா போனபோது ஒரு நாள் கையில் இருந்தது. மச்சானும் நானும் காரில் 4 மணி நேரம் ஓட்டி, பிரனீஸ் மலையில் இருக்கும் தாவுல் கிராமத்துக்குப் போனோம்.

கோயில் எளிமையானது. கல் சுவர், உருண்டைத் தூண்கள், மரக் கூரை, பக்கத்தில் ஆறு நிலை மணிக்கோபுரம். நம் கருவறை இருக்கும் இடத்தில் அரைவட்டமாக ஒரு சுவர். 1123 டிசம்பர் 10ஆம் தேதி அர்ச்சிப்பு (நம் கும்பாபிஷேகம் மாதிரி) நடந்ததை, நாம் கல்வெட்டு வெட்டுவது போல, தூணிலேயே எழுதியிருந்தார்கள். மறுநாளே அதே ஊரில் சாந்தா மரியா கோயிலுக்கும் அர்ச்சிப்பு.

உள்ளே போனதும் மச்சான், "ஏனுங் மாமா, செவுத்துல ஒன்னையும் காணோமுங்களே" என்றான். உண்மைதான். இந்த மலைப்பக்கத்து ஓவியங்கள் வெளிநாட்டுக்கு விலைபோக ஆரம்பித்ததால், 1919 முதல் 1923 வரை பல கோயில்களில் சுவரில் பசை தடவித் துணி ஒட்டி, நிறத்தை மட்டும் உரித்து பார்சிலோனா அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இங்கே அப்புறம் வரைந்து வைத்த நகலையும் எடுத்துவிட்டார்கள். 2013 முதல் அந்தச் சுவரின் மேலேயே ஒளியால் ஓவியத்தைக் காட்டுகிறார்கள்.

விளக்கை அணைத்தார்கள். முதலில் கோடு, பிறகு ஒவ்வொரு நிறமாக ஏறி, பெரிய கண்களோடு கிறிஸ்து வந்து உட்கார்ந்தார். கையில் விரித்த புத்தகம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஈரச் சுண்ணாம்பில் தீட்டினால் அது காயும்போது நிறத்தை இறுக்கிக்கொள்ளும். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் கட்டுவது மாதிரி. அந்த நீலம் ஏரினைட் என்ற, பிரனீஸ் பக்கத்திலேயே கிடைக்கும் கனிமம். லேசாகச் சாம்பல் ஓடிய ஷேடு. எத்தனை லேப் டிப் (சின்னத் துண்டில் சாயம் போட்டுப் பார்க்கும் மாதிரி) போட்டாலும் எனக்கு வராது.

மணிக்கோபுரம் ஏறலாம், படி செங்குத்து. முட்டிவலி உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடுங்கள்.

மறுநாள் அருங்காட்சியகத்தில் அசலையும் பார்த்தோம். பைபிள் கதையில் பணக்காரன் வாசலில் கிடக்கும் ஏழை லாசரின் புண்ணை நக்கும் நாய் அங்கேதான் இருக்கிறது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். ஆனால் நீங்கள் போனால் தாவுல் சுவரை முதலில் பாருங்கள். எதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று தெரிந்தபின் அசலைப் பார்ப்பது வேறு.

காங்கயம் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலிலும் மண்டபச் சுவரில் படங்கள் இருந்ததாக அப்புச்சி சொல்வார். போன கும்பாபிஷேகத்துக்கு எல்லாவற்றின் மேலும் எனாமல் அடித்துவிட்டார்கள். ஊர் திரும்பியதும் போய்ப் பார்த்தேன். உத்தரத்துக்கு மேலே பெயிண்ட் எட்டாமல் ஒரு முழ இடம் தப்பியிருக்கிறது. காவி நிறத்தில் ஒரு குதிரைக் கால். படம் எடுத்து வைத்திருக்கிறேன்.