குப்பத்தில் நடக்கும் நிலத்தடிச் சுரங்கப் பயிற்சி வகுப்பு: சேரலாமா?

ஆந்திராவின் குப்பம் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு மாடிக் கூடத்தில், உலோகச் சுரங்கங்களில் வேலையை மேற்பார்வையிடும் மேட், ஃபோர்மேன் பதவிகளுக்கான சான்றிதழ்த் தேர்வுகளை எழுதுவோருக்காக ஞாயிறுதோறும் வகுப்பு நடக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, கிரானைட் குவாரிக்காரர்கள் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். நடத்துபவர் கோலார் தங்கவயலில் நிலத்தடியில் வேலை பார்த்தவர். அந்தச் சுரங்கங்களை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் 2001இல் மூடப்பட்ட பிறகு கற்பிக்க வந்தவர். பாடம் தமிழில்தான், ஆனால் தெலுங்கு மாணவர்கள் முகம் சுளித்தால் அதே விளக்கம் உடனே தெலுங்கிலும் வந்துவிடும்.

திறந்தவெளிக் குவாரிக்கு மட்டும் செல்லுபடியாகும் சான்றிதழ் வைத்திருக்கும் என் போன்றவர்கள், ராஜஸ்தானிலோ மத்தியப் பிரதேசத்திலோ உள்ள தாமிர, துத்தநாகச் சுரங்கங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால் நிலத்தடிக்கும் பொருந்தும் சான்றிதழ் வேண்டும். அங்கே வேலை இருக்கும் என்ற நம்பிக்கைக்குக் காரணமும் இருக்கிறது. ராஜஸ்தானின் ராம்புரா அகுச்சா துத்தநாகச் சுரங்கம் 2018இல் திறந்தவெளி வேலையை முடித்துக்கொண்டு முழுக்க நிலத்தடிக்கு மாறியது. மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்ட் தாமிரச் சுரங்கமும் ஆண்டுக்கு 25 லட்சம் டன் தாது என்ற அளவை 50 லட்சமாக உயர்த்தும் திட்டத்தோடு நிலத்தடியில் இறங்கியிருக்கிறது.

இந்த வகுப்பின் சிறப்பு அதன் பிற்பகுதியில் இருக்கிறது. தாமிரமும் துத்தநாகமும் சேர்ந்து கிடைக்கும் ஒரு கற்பனைச் சுரங்கத்தைப் பலகையில் வரைந்து, நாளொன்றுக்கு 2,000 டன் எடுப்பதை 3,000 டன்னாக உயர்த்தச் சொல்கிறார். கூடுதல் லாரி, கூடுதல் துளையிடும் இயந்திரம் என்று எல்லோரும் எழுதி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “காற்று எங்கே?” என்று கேட்கிறார். டீசல் இயந்திரத்தின் ஒவ்வொரு கிலோவாட் திறனுக்கும் நொடிக்கு 0.06 கன மீட்டர் காற்று தேவை என்பது கனடாவின் ஒன்டாரியோவில் பின்பற்றப்படும் அளவு. அந்தக் கணக்கில் 400 கிலோவாட் லாரி ஒன்றுக்கே நொடிக்கு 24 கன மீட்டர் வேண்டும். அதே காற்றுவழிகள் வழியாக ஒன்றரை மடங்கு காற்றைச் செலுத்த முயன்றால் விசிறிக்கு வேண்டிய மின்திறன் ஒன்றரை மடங்கோடு நிற்பதில்லை, மும்மடி விதிப்படி (1.5 × 1.5 × 1.5) ஏறத்தாழ 3.4 மடங்காகிறது. ஆகவே, லாரி வாங்குவதற்கு முன் புதிய காற்றுக்குழி தோண்டவேண்டிய நிலை வருகிறது. உற்பத்தியை உயர்த்துவது என்பது அடைப்பு எங்கே இருக்கிறது என்று தேடுவதே என்பதை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அடுத்து, தாதுவிலிருந்து உலோகக் கனிமங்களைப் பிரிக்கும் ஆலை. கடலடி எரிமலைச் செயல்பாட்டில் உருவான இத்தகைய படிவுகளில் வெந்நீர் மேலெழுந்த வழியை ஒட்டித் தாமிரம் மிகுந்தும், விளிம்புகளில் துத்தநாகம் மிகுந்தும் இருப்பது வழக்கம் என்பதால், எந்த ஸ்டோப்பிலிருந்து (தாது வெட்டியெடுக்கும் நிலத்தடி அறையிலிருந்து) எவ்வளவு தாது அனுப்புகிறோம் என்பது ஆலையின் வேலையை நேரடியாகப் பாதிக்கிறது. பொடித்த தாதுவை நீரில் கலந்து, வேண்டிய கனிமத்தைக் காற்றுக் குமிழிகளோடு மிதக்கவிட்டுப் பிரிக்கும் மிதப்பு முறையில் முதலில் துத்தநாகத்தை அடக்கி வைத்துத் தாமிரத்தை மிதக்கவிடுகிறார்கள். பிறகு காப்பர் சல்பேட் சேர்த்துத் துத்தநாகத்தை எழுப்புகிறார்கள். தாதுவின் கலவை நாளுக்கு நாள் தாறுமாறாக மாறினால் பிரித்தெடுத்த தாமிரச் செறிவுத் தூளில் துத்தநாகம் கலந்துபோய், உருக்காலை விலையைக் குறைத்துவிடும். ஃபோர்மேன் தேர்வுக்கு இது தேவையே இல்லை என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். தேவையில்லைதான், ஆனால் கீழே வேலை வாங்குபவருக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது என்பது என் எண்ணம்.

ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டு, அதைத் தாங்கும் கம்பிவடம், வடத்தைச் சுற்றி இழுக்கும் வைண்டிங் எஞ்சின் பற்றிய பகுதியும் குறை சொல்ல முடியாதது. 2024 மே மாதம் ராஜஸ்தானின் கோலிஹான் தாமிரச் சுரங்கத்தில் ஆளேற்றும் கூண்டு விழுந்து 15 பேர் சிக்கி, 14 பேர் மீட்கப்பட்டு ஒருவர் உயிரிழந்த விபத்தை எடுத்துக்கொண்டு, வடத்தை எப்படிச் சோதிக்க வேண்டும், பதிவேட்டில் என்ன எழுத வேண்டும் என்று பொறுமையாக விளக்குகிறார்.

குறைகள் சிறியவை அல்ல. ஆசிரியரின் அனுபவம் முழுவதும் தண்டவாளமும் செங்குத்துக் குழியும் கொண்ட தங்கச் சுரங்கத்தில் பெற்றது. இன்றைய தாமிர, துத்தநாகச் சுரங்கங்களில் 7க்கு 1 என்ற அளவிலான சரிவுப் பாதையில் லாரிகளே இறங்கி ஏறுகின்றன. நீண்ட துளைகளிட்டு வெடிக்கும் நீள்துளை முறையில் ஸ்டோப் எடுத்து, காலியான இடத்தை ஆலைக் கழிவோடு சிமெண்ட் கலந்த பசையால் நிரப்பி, அது இறுகிய பிறகே பக்கத்து ஸ்டோப்பை உடைக்கிறார்கள். நிரப்பு இறுகும் காலம் சேர்ந்துதான் ஒரு சுரங்கம் எவ்வளவு வேகமாக விரிவடையலாம் என்பதை முடிவுசெய்கிறது. இதற்கு ஒதுக்கப்பட்ட நேரம் மிகக் குறைவு. வெட்டிய இடம் சரியாமல் கிரானைட் கல் அடுக்கித் தாங்கிய தங்கவயல் முறைக்கோ இரண்டு வகுப்புகள். கேட்க இனிமையாகவே இருந்தது, ஆனால் அதற்காக நாங்கள் பணம் கட்டவில்லை. கந்தகம் மிகுந்த தாதுவில் வெடிவைத்த பின் தூசி தீப்பற்றக்கூடும் என்பதும், அமிலத் தன்மையுள்ள நீர் சாதாரண பம்புகளை அரித்துவிடும் என்பதும் ஒரே வரியில் கடந்துபோயின. சட்டக் குறிப்புகளும் 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தோடும் 1961ஆம் ஆண்டு உலோகச் சுரங்க விதிமுறைகளோடும் நின்றுவிடுகின்றன. 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பைப் பற்றி அவற்றில் ஒரு பக்கம்கூட இல்லை.

கட்டணம் நியாயமானது, தவணையிலும் கட்டலாம். பழைய வினாத்தாள்களை மனப்பாடம் செய்து தேறினால் போதும் என்பவர்களுக்கு இவ்வகுப்பு மெதுவாகத் தோன்றும், அவர்கள் வேறு இடம் பார்க்கலாம். கணக்குப் புரிந்து, நாளை ஒரு ஷிப்டைப் பொறுப்பேற்க நினைப்பவர்கள் தயங்காமல் சேரலாம். சரிவுப் பாதை, பசை நிரப்பு, புதிய சட்டம் ஆகிய மூன்றையும் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டியிருக்கும். புதிய பிரிவு தொடங்கும்போது காற்றோட்டக் கணக்குப் பாடங்களைத் தவறவிடாதீர்கள். அவற்றுக்கு அச்சிட்ட குறிப்பு தருவதில்லை, பலகையில் எழுதுவதை நோட்டில் எழுதிக்கொண்டால்தான் உண்டு.