ரெஃப்யூஜியம் வச்சுத் தர்றேன்னு 45,500 ரூபாவ வாங்கிட்டுப் போன கதை

முதல்லயே சொல்லிர்றேன், ரெஃப்யூஜியம் (உப்புத்தண்ணி மீன் டேங்க்கோட சேத்து கடல்பாசி வளக்கிற தனி அறை) மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அது நல்ல விஷயம் தான். கோவமெல்லாம் அத கட்டித் தர்றேன்னு வந்த ஆளு மேல தான், பேரு போட மாட்டேன், கொழும்பு பக்கம் ஆளு, மரைன் டேங்க் வச்சிருக்கிறவங்களுக்கு வேலை செஞ்சு குடுக்கிறவரு, அவ்வளவு போதும். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை பக்கம் உப்புத்தண்ணி டேங்க் வச்சிருக்கிற நாலஞ்சு பேராவது இத வாசிச்சுட்டு சல்லிய குடுங்க.

நான் ஹட்டன்ல. டேங்க் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 250 லிட்டர்கிட்ட வரும். கடல்ல இருந்து ஒடைச்ச கல்லுப்பவளம் ஒண்ணும் என்கிட்ட இல்ல, அது சட்டப்படி குற்றம், கண்டியில ஒரு கூட்டாளி வெட்டிக் குடுத்த மஷ்ரூம், ஸோவாந்திட்னு கல்லுக்கூடு இல்லாத வகை துண்டுங்க தான். ரெண்டு கிளவுன் மீன், ஒரு டாம்சல் மீன், ரெண்டு க்ளீனர் இறால். கொழும்புக்காரங்க சூட்டுக்கு சில்லர் வாங்கி அழுவாங்க, நம்ம பக்கம் அதுக்கு நேர்மாறு, ஹீட்டர் தான் நம்ம உசுரு.

பிரச்சினை என்னான்னா மீன் கழிவுல இருந்து சேர்ற நைட்ரேட் 40 பிபிஎம்முக்கு கீழ எறங்கவே மாட்டேன்னுச்சு. தண்ணி மாத்தி மாத்தி உப்புக்கே சம்பளம் போச்சு. அப்பதான் ரெஃப்யூஜியம் வைப்போம்னு முடிவு பண்ணேன். சம்ப்லயே (டேங்க்குக்கு கீழ தண்ணிய சுத்தம் பண்ற தொட்டி) ஒரு அறையை ஒதுக்கி, மீனுங்க போக முடியாத மாதிரி தடுத்து, கடல்பாசி வளர விட்டா அது நைட்ரேட்டையும் பொஸ்பேட்டையும் தின்னு வளரும், வளர்ந்தத நாம கிள்ளி வெளிய எடுத்தா அந்த அழுக்கும் கூடவே வெளிய போயிரும். கோப்பிபாட் மாதிரி பொடி உயிருங்களும் தொல்லை இல்லாம பெருகும். மேல டேங்க் லைட் அணைஞ்சதும் கீழ பாசி லைட்ட போட்டா ராத்திரியில பிஎச் விழுறதும் கொறையும். இதெல்லாம் அந்த ஆளு சொல்லல, நானே தேடிப் படிச்சது. அவரு சொன்னது ஒண்ணே ஒண்ணு தான், "தம்பி, பத்தே நாள்ல நைட்ரேட் ஜீரோ." அந்த எடத்துலயே நான் உஷாராகி இருக்கணும்.

கணக்கு இது: தடுப்பு வச்ச புது சம்ப் 22,000, லைட் 9,500, "அரகோனைட்"ங்கிற சுண்ணாம்பு வகை மணல் 8,000, பாசி 6,000. முழுக் காசையும் முன்கூட்டியே பேங்க்ல போடச் சொன்னாரு, போட்டேன். பில் கேட்டதுக்கு வேலை முடியட்டும்னாரு.

ஒரு வான்ல சம்ப்ப கொண்டு வந்து எறக்குனாங்க, அவரும் ஒரு பொடியனும். ஒரு மணித்தியாலம் கூட இருக்கல. சம்ப் தண்ணிய பம்ப் மேல டேங்க்குக்கு அனுப்புற என் பழைய ரிட்டர்ன் பைப்ல தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் கீழ ஒரு சின்ன ஓட்டை போட்டு வச்சிருந்தேன், கரண்ட் போனா அந்த ஓட்டை வழியா காத்து உள்ள போய் தண்ணி பின்னால இழுக்கிறத நிப்பாட்டிரும். அந்த பைப்ப கழட்டி வீசிட்டு புதுசா ஒண்ணு மாட்டுனாரு, வாய் தண்ணிக்குள்ள ஆழமா இருக்கிற மாதிரி, ஓட்டை கிடையாது. நான் கேட்டேன், அண்ணே பம்ப்ப ஒருக்கா நிப்பாட்டிப் பாப்போமான்னு. "அதெல்லாம் வேணாம் தம்பி, இப்பதான் லெவல் புடிச்சிருக்கு, கலைஞ்சிரும்"னாரு. என் பொண்டாட்டி போட்டுக் குடுத்த பிளேன்டீய குடிச்சிட்டு கெளம்பிட்டாரு.

இங்க தான் கணக்க கவனிங்க. என் டேங்க் அளவுக்கு தண்ணி ஒரு சென்டிமீட்டர் எறங்குனா ஐஞ்சரை லிட்டர். புது பைப் வாய் தண்ணி மட்டத்துல இருந்து 6 சென்டிமீட்டர் கீழ. அப்ப பம்ப் நின்னா 33 லிட்டர் சம்ப்புக்கு எறங்கும். சம்ப் மொத்தமே 70 லிட்டர்கிட்ட தான், ரெஃப்யூஜியத்துக்குன்னு தடுப்ப உயர்த்தி வச்சதால ஓடும்போதே 55 லிட்டர் நெறைஞ்சு நிக்குது. மிச்ச எடம் 15. சின்னப்புள்ளை கூட கழிச்சுப் பாத்து சொல்லும் எத்தனை லிட்டர் தரைக்கு வரும்னு. நான் இந்த கணக்க போட்டது எல்லாம் நடந்து முடிஞ்ச பொறகு, அது என் மடத்தனம்.

பாசி ரெண்டு நாள் கழிச்சு பஸ்ல, கண்டக்டர் கையில வந்துச்சு. நான் கேட்டது கீட்டோ (என் மச்சான் அது சாப்பாட்டு டயட்டான்னு கேட்டான்). கீட்டோன்னா பச்சை நைலான் நூல் சிக்குன மாதிரி இருக்கும், வேர் கிடையாது, சும்மா மிதக்கும். பைல இருந்தது எறகு மாதிரி இலை, கீழ கொடி ஓடுது. படம் எடுத்து அனுப்புனேன். "இதுவும் கீட்டோ தான் தம்பி, இலங்கை ஜாதி"ன்னு பதில். அது காலர்பா. இந்த சாமானோட குணம் தெரியாம யாரும் வைக்காதீங்க, இலையும் கொடியுமா நீளமா ஓடுற செடி முழுசும் ஒரே ஒரு செல், சில நேரம் அது இனப்பெருக்கத்துக்கு கெளம்பி உள்ள இருக்கிற எல்லாத்தையும் தண்ணியில கக்கிட்டு வெறும் வெள்ளை தோலா நிக்கும். 1984ல மொனாக்கோ கிட்ட கடல்ல இந்த குடும்பத்து பாசி ஒண்ணு கண்டுபுடிச்சாங்க, அதுக்குப் பொறகு மத்தியதரைக் கடல்ல எங்கெங்கயோ பரவிருச்சு. வீட்டு சம்ப்ல அடங்கியா இருக்கப் போவுது?

மூணாவது வாரம் மழையோட காத்து, எங்கயோ கம்பியில மரம் விழுந்து ராத்திரி 11 மணிக்கு கரண்ட் போச்சு. நாங்க போர்த்திக்கிட்டு தூங்கிட்டோம். 3 மணி போல கரண்ட் வந்திருக்கு, அதுக்குள்ள தண்ணி தரையெல்லாம் ஓடி மல்டி பிளக்குக்குள்ள போயிட்டதால ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடே இருட்டு. ஐஞ்சரைக்கு எந்திரிச்சா கால் வச்ச எடமெல்லாம் உப்புத்தண்ணி, செவப்பு சிமெந்து தரை முழுக்க, டேங்க் தண்ணி சூடு 25 டிகிரியில இருந்து 22க்கு வந்திருச்சு. கையில கரண்ட் அடிக்காம விட்டது ஆண்டவன் புண்ணியம்.

அன்னைக்கே போன் பண்ணேன். "அது உங்க ஊரு கரண்ட் பிரச்சினை, நான் என்ன செய்ய." அப்ப கூட பணிவா தான் பேசினேன்.

துடைச்சு, காய வச்சு, தண்ணி ரொப்பி எல்லாம் ஓட விட்டேன். ஒண்ண மறந்துட்டேன், அவரு குடுத்த டைமர் கடிகாரம் மாதிரி சுத்துற வகை, கரண்ட் இல்லாட்டி அப்படியே நிக்கும். பாசி லைட் ஆறரை மணித்தியாலத்துக்கு மேல பிந்திப் போய் ஓடிக்கிட்டு இருந்திருக்கு. குளிரு, இருட்டு, லைட் நேரம் மாறுனது, இதுல எது காரணம்னு அடிச்சு சொல்ல மாட்டேன், ஆனா இந்த மாதிரி அதிர்ச்சியில காலர்பா கக்கும். மூணாம் நாள் காலையில டேங்க் அரிசி கழுவுன தண்ணி மாதிரி வெள்ளையா இருக்கு, அழுக்க நுரையா எடுக்கிற ஸ்கிம்மர் பொங்கி வழியுது, மீனுங்க மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்க. மேட்டு ஊர்ல தண்ணியில ஆக்ஸிஜன் கரையிறதும் கொஞ்சம் கம்மி தான், அதுல இது வேற.

ஏர் பம்ப் ரெண்ட போட்டேன், அழுக்க உறிஞ்சுற காபன் போட்டேன், வெளுத்த பாசிய அள்ளி வெளிய போட்டேன். தண்ணி மாத்தணும், கலக்கி வச்ச 60 லிட்டர் இருக்கு, ஆனா அது 16 டிகிரியில. 200 வாட் ஹீட்டர் அத 25க்கு கொண்டு வர 3 மணித்தியாலத்துக்கு மேல எடுக்கும். பொண்டாட்டி கேத்தல் கேத்தலா சுடுதண்ணி வச்சு போத்தல்ல அடைச்சுக் குடுக்க நான் போத்தல தூக்கி கேனுக்குள்ள முக்கி முக்கி எடுத்தேன். மத்தியானத்துக்குள்ள ரெண்டு இறாலும் டாம்சலும் செத்துப் போச்சு. பெரிய கிளவுனும் போச்சு, அதுதான் பொண்ணு. மிச்சம் இருக்கிற ஆணு இனி பொண்ணா மாறும், கிளவுன் ஜாதிக்கு அந்த வசதி இருக்கு.

அந்த ஆளுக்கு படம் எல்லாம் அனுப்புனேன். முதல்ல, நான் மீனுக்கு சாப்பாடு அதிகமா போட்டுட்டதா சொன்னாரு. பொறகு "மலைநாட்டுக்கு மரைன் டேங்க் சரிவராது தம்பி, நான் அப்பவே நெனச்சேன்"னு ஒரு வாய்ஸ். நெனச்ச மனுஷன் சல்லி வாங்கும்போது ஏன் சொல்லல? அதோட வாட்ஸ்அப்ல ப்ளாக். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 நம்பர் இருக்கு, ஆனா பில்லும் இல்லாம ஒரு பேங்க் ஸ்லிப்ப மட்டும் வச்சுக்கிட்டு எத சொல்லி வழக்கு பேசுறது. பில் குடுக்காத ஆளுக்கு முழுக் காசு போடாதீங்க. வேலை முடிஞ்சதும் அவரு நிக்கும்போதே பம்ப்ப புடுங்கிப் போட்டு பாருங்க, வழிஞ்சா அவரே துடைக்கட்டும்.

மணல் மேலயும் சந்தேகம் வந்து ஒரு கரண்டி எடுத்து கழுவி காய வச்சு வினாகிரி ஊத்துனேன். அரகோனைட்னா சுர்ருன்னு நுரைக்கும். இது சிவனேன்னு கெடந்துச்சு, சாதாரண ஆத்து மணல்.

இப்ப நானே பழையபடி பைப்ல ஓட்டை போட்டு, தடுப்ப வெட்டி எறக்கி, கண்டி கூட்டாளி குடுத்த ஒரு கைப்பிடி நெசமான கீட்டோவ போட்டிருக்கேன். ரெண்டு மாசத்துல நைட்ரேட் 15. டிஜிட்டல் டைமர், உள்ள பேட்டரி இருக்கிறது. பம்ப்ப நாலு தடவை நிப்பாட்டிப் பாத்துட்டேன், சொட்டு வெளிய வரல. 8,000 ரூபா மணல நல்லா கழுவி பொண்டாட்டி அந்தூரியம் சட்டிக்கு போட்டுட்டா, பூ நல்லா தான் வருது.