ஹெரிடேஜ் ராஸ்பெர்ரி குச்சி வாங்கலாமா? லேபிளை மட்டும் நம்பாதீங்க

வீட்டுத் தோட்டத்துக்கு ராஸ்பெர்ரி தேடுறவங்க கண்ணுல முதல்ல படுறது ஹெரிடேஜ் ரகமாத்தான் இருக்கும். 1969-ல நியூயார்க் மாநிலத்துல ஜெனீவாங்கற ஊர்ல இருக்கற வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது, இத்தனை வருஷம் கழிச்சும் நர்சரிக்காரங்க விக்கிறாங்கன்னா அதுல ஏதோ விஷயம் இருக்குன்னுதானே அர்த்தம். நான் வாங்கினது போஸ்ட்ல வர்ற பேர் ரூட் கட்டு, அதாவது மண்ணு, தொட்டி எதுவும் கிடையாது, வெறும் குச்சியும் வேரும். சில சீசன் காய்ச்சுப் பாத்துட்டுத்தான் எழுதறேன். 5-க்கு 4 குடுப்பேன். கழிச்ச ஒரு ஸ்டார்ல பாதி செடிக்கு, பாதி அந்த லேபிளை எழுதின புண்ணியவானுக்கு.

பார்சலைப் பிரிச்சதும் "இதுக்கா காசு குடுத்தோம்"னு தோணும், அப்படித்தான் இருக்கும், பயப்படாதீங்க. பென்சில் தடிமன்ல பழுப்பா, இலையே இல்லாம, பட்டுப்போன குச்சி மாதிரி வரும். குச்சியை விடுங்க, வேரைப் பாருங்க. நார் நாரா ஈரமா இருக்கணும், வளைச்சா ஒடியாம வளையணும். அடிக்கட்டைக்கிட்ட உத்துப் பாத்தா வெள்ளையா, லேசா ரோஸ் கலந்த மாதிரி, அரிசி அளவுல சின்னச் சின்ன முளை தெரியும். அந்த வருஷத்துச் செடியே அதுல இருந்துதான் கிளம்பும், மேல இருக்கற குச்சி காஞ்சே போனாலும் ஒண்ணும் குடி முழுகாது. ஆனா நடும்போது அந்த முளையை ஒடிச்சிடாதீங்க, தொட்டாலே உதிரும். என் கட்டுல ஒரு குச்சி வேர் சுருங்கி காஞ்சு வந்துச்சு, போட்டோ எடுத்து அனுப்பினேன், மாத்தித் தர்றோம்னாங்க, தந்தாங்க, ஆனா அடுத்த நடவு சீசன்ல! பேர் ரூட் செடியை உறக்கத்துல இருக்கறப்பத்தான் தோண்டி அனுப்ப முடியும்னு காரணம் சொன்னாங்க, நியாயம்தான், ஆனா வாங்கும்போதே அதைச் சொல்லியிருக்கலாம். அதனால பார்சல் வந்த அன்னிக்கே பிரிச்சு செக் பண்ணிடுங்க.

நடுறது பெரிய வித்தை இல்ல. வேரை ஒண்ணு ரெண்டு மணி நேரம் தண்ணில ஊற வச்சு, குச்சிக்குக் குச்சி 60 செ.மீ. விட்டு, ரொம்ப ஆழமாப் புதைக்காம நட்டா போதும். இந்தச் செடி சுத்தமாப் பொறுத்துக்காத விஷயம் தேங்குற தண்ணி. வேரழுகல் வந்துச்சுன்னா இலை வாடும், தண்ணி பத்தலைன்னு நெனச்சு நாம இன்னும் ஊத்துவோம், கதை முடிஞ்சுது. களிமண்ணா இருந்தா கம்போஸ்ட் கலந்து மேட்டுப்பாத்தி போட்டுடுங்க. மண்ணோட பிஎச், அதாவது அமில-காரத் தன்மை, 5.5-ல இருந்து 6.5 வரைக்கும் இருந்தா நல்லது, அதுக்கு மேல போனா இரும்புச்சத்தை எடுக்க முடியாம இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். இன்னொண்ணு, தக்காளி, உருளை, கத்தரி, மிளகாய் போட்டிருந்த இடத்துல இதை வைக்காதீங்க, அதுங்களைத் தாக்குற வெர்டிசிலியம் வாடல் நோய் மண்ணுலயே வருஷக்கணக்கா தங்கி இதையும் புடிக்கும். இதுல ஒண்ணைக்கூட லேபிள்ல காணோம், "வெயில் படும் இடத்தில் நடவும்"னு ஒரே வரி.

இப்ப அந்த லேபிள் சமாச்சாரத்துக்கு வர்றேன். "வருடத்தில் இரண்டு அறுவடை"ன்னு பெருசாப் போட்டிருக்கும். பொய்யுன்னு சொல்ல மாட்டேன், ஆனா அதை நம்பி வாங்குறவங்க பாதிப் பேர் ஏமாந்துதான் போவாங்க. ராஸ்பெர்ரிக்கு வேர் பல வருஷம் இருக்கும், தண்டுக்கு ஆயுசு ரெண்டே வருஷம். சாதாரண ரகத்துல தண்டு முதல் வருஷம் சும்மா வளரும், ரெண்டாம் வருஷம் கோடையில காய்க்கும், அப்புறம் செத்துடும். ஹெரிடேஜ் மாதிரி ரகம் என்ன பண்ணும்னா, முதல் வருஷத் தண்டோட நுனியிலயே கோடை முடியுற சமயத்துல காய்ச்சிடும், அந்த நுனி காஞ்சுபோகும், அதே தண்டோட கீழ்ப்பகுதி அடுத்த வருஷம் கோடையில இன்னொரு ஈடு காய்க்கும். இதுதான் அவங்க சொல்ற ரெண்டு அறுவடை. அந்த ரெண்டாவது வேணும்னா காய்ச்ச நுனியை மட்டும் வெட்டிட்டு தண்டை குளிர்காலம் முழுக்க காப்பாத்தணும், புதுத் தண்டு எது பழைய தண்டு எதுன்னு கணக்கு வச்சுக்கணும், கோடை ஈடு முடிஞ்சதும் பழசை மட்டும் தேடித் தேடி வெட்டணும், முள்ளுக்குள்ள கையை விட்டு. இவ்வளவும் பண்ணா கிடைக்கிற கோடைப் பழம், கோடைக்குன்னே இருக்கற ரகம் தர்ற அளவுக்கு வராது, மேல புதுத் தண்டும் பழைய தண்டும் ஒரே இடத்துல வெளிச்சத்துக்கு அடிச்சுக்கும்.

என்னைக் கேட்டா அந்த ரெண்டாவது ஈட்டை மறந்துடுங்க. குளிர்காலக் கடைசியில, புதுத்துளிர் வர்றதுக்கு முன்னாடி, மொத்தப் பாத்தியையும் தரையோட தரையா வெட்டித் தள்ளுங்க. அவ்வளவுதான் கவாத்து! எந்தத் தண்டு எந்த வருஷம்ங்கற குழப்பமே கிடையாது, குளிர்ல தண்டு கருகுமோங்கற கவலை கிடையாது, தண்டுல தங்குற நோயும் பூச்சி முட்டையும் பாதி அதோட ஒழிஞ்சுது. வெட்டினதை தோட்டத்துலயே போட்டு வைக்காம அப்புறப்படுத்திடுங்க. ஹெரிடேஜ் வாங்கறதுக்கு நான் சொல்ற ஒரே காரணமே இந்த சோம்பேறிக் கவாத்துதான், லேபிள்ல அதைப் பெருசாப் போட்டிருந்தா இன்னும் நாலு பேர் வாங்குவாங்க.

பழம் எப்படின்னா, நடுத்தர சைஸ், கெட்டியா இருக்கும், இனிப்பும் புளிப்பும் சரியா இருக்கும், வாசனை பிரமாதம். சூப்பர்மார்க்கெட் டப்பாவுல வர்றதோட இதைச் சேத்துப் பேசவே கூடாது. பறிக்கிறதுக்கு ஒரு பதம் இருக்கு, ரெண்டு விரலால புடிச்சு லேசா இழுத்தா தொப்பி மாதிரி கழண்டு வரணும், செடியில வெள்ளையா ஒரு கூம்பு நிக்கும். இழுத்து வரலைன்னா விட்டுடுங்க, இந்தப் பழம் பறிச்சப்புறம் பழுக்காது, புளிப்பு புளிப்பாவே இருக்கும். கழுவி பிரிட்ஜ்ல வைக்காதீங்க, சீக்கிரமே பூசணம் புடிச்சிடும், சாப்பிடும்போது கழுவிக்கலாம். முதல் வருஷம் கையளவு பழம் பாத்தா பெரிசு, மூணாவது வருஷம்தான் முழு விளைச்சலுக்கு வரும். சிலது பறிக்கும்போதே பொலபொலன்னு உதிரும், பூவுக்கு தேனீ சரியா வராம போனா அப்படி ஆகும். வருஷா வருஷம் எல்லாப் பழமும் அப்படியே உதிர்ந்தா அது வைரஸா இருக்கலாம், மருந்து கிடையாது, புடுங்கிப் போட வேண்டியதுதான். வெயில் கொளுத்தற நாள்ல பழத்துல இருக்கற குட்டிக் குட்டி மணியில சிலது மட்டும் வெள்ளையா வெளுத்துப் போகும், அது வெயில் சூடு, சாப்பிடலாம்.

செடி மேல எனக்கு இருக்கற குறை மூணு. முள்ளு, பொடி முள்ளுதான் ஆனா அரைக்கை சட்டையோட போனா கீறிடும். அடுத்தது பக்கக்கன்று, வச்ச இடத்துல நிக்கவே நிக்காது, வேர் மேலாப்புல ஓடி நடைபாதை, புல்தரை, பக்கத்துப் பாத்தின்னு எங்க பாத்தாலும் முளைக்கும், வரிசையை 45 செ.மீ. அகலத்துக்குள்ள வச்சுக்கிட்டு வெளிய வர்றதை இளசுலயே புடுங்கிடணும். மூணாவதுதான் பெரிய குறை, ரொம்ப லேட்டு. செப்டம்பர் கடைசிக்குள்ள உறைபனி விழற இடமா இருந்தா பாதிக் காய் பச்சையாவே கருகும், அப்படிப்பட்டவங்க ஆட்டம் பிளிஸ் இல்லேன்னா கரோலின் ரகம் பாருங்க, ரெண்டும் இதைவிட முன்னாடியே பழுக்கும். முள்ளே வேணாம்னா ஜோன் ஜே. தொட்டியில வைக்கணும்னா ராஸ்பெர்ரி ஷார்ட்கேக், குட்டையா முள்ளில்லாம புதர் மாதிரி நிக்கும், ஹெரிடேஜைத் தொட்டியில அடைக்கறது பாவம்.

குளிரே இல்லாத ஊர்ல இருக்கறவங்க ஆசைப்பட்டு ஆர்டர் போட்டுடாதீங்க. பெரும்பாலான சிவப்பு ராஸ்பெர்ரிக்கு 7 டிகிரிக்குக் கீழ நூத்துக்கணக்கான மணி நேரம் குளிர் தேவைப்படும், சூடும் புழுக்கமும் சேந்தா செடி சோந்து போயிடும். அந்த மாதிரி இடத்துக்கு மைசூர் ராஸ்பெர்ரின்னு வேற ஒரு இனம் இருக்கு, பழம் கறுப்பா வரும், முள்ளு இதைவிட மோசம், ஆனா சூடு தாங்கும்.

லேட்டாப் பழுக்கறதுல இன்னொரு தலைவலி புள்ளி இறக்கை பழ ஈ. மத்த பழ ஈ அழுகின பழத்தைத் தேடிப் போகும், இது நல்லாப் பழுத்துக்கிட்டு இருக்கற பழத்தையே கிழிச்சு உள்ள முட்டை வச்சிடும், சீசன் கடைசியிலதான் அதோட கூட்டமும் ஜாஸ்தி. ஒருநாள் விட்டு ஒருநாளாவது பறிச்சிடுங்க, பழுத்ததை செடியிலயும் விடாதீங்க, கீழ விழுந்ததையும் விடாதீங்க, பறிச்ச கையோட பிரிட்ஜுக்குள்ள போயிடணும். பூ முடிஞ்சு காய் புடிச்சப்புறம் மெல்லிசு வலை போட்டா இன்னும் உத்தமம், பூ இருக்கும்போது போட்டா தேனீயும் வெளியவே நின்னுடும்.

வாரத்துக்கு 2.5 செ.மீ. மழை பெஞ்ச அளவுக்குத் தண்ணி, அதுவும் இலை நனையாம வேர்ல. மரச்சில்லு இல்லேன்னா காஞ்ச இலை மூடாக்கு போட்டா களை எடுக்கற வேலை குறையும், மேல்வேரும் காயாது. ரெண்டு பக்கமும் கம்பம் நட்டு கம்பி இழுத்து விடுங்க, இது தானா நிமிர்ந்து நிக்கற ரகம்தான் ஆனா காய் கனத்துல மழைக்கு சாஞ்சிடும்.

யாராவது "எங்க வீட்டுல நிறைய கன்று இருக்கு, சும்மா எடுத்துக்கோங்க"ன்னா, அவங்க பழம் எப்படி வருதுன்னு ஒரு தடவை பாத்துட்டு எடுங்க. உதிர்ற பழமா இருந்தா அந்தக் கன்றோட வைரஸும் சேந்து வீட்டுக்கு வரும், அதுல ஒரு வகை மகரந்தம் வழியாவே பரவும், ஏற்கனவே நல்லா இருக்கற செடியையும் கெடுத்துடும். இந்த ஒரு விஷயத்துல மட்டும் காசு போனாப் போகுதுன்னு நோயில்லாத செடின்னு சான்று குடுக்கற நர்சரியிலயே வாங்கிடுங்க.