3 வருடமாக என் போனில் இருக்கும் அவசர அழைப்புச் செயலி: எந்த மாடி என்று மட்டும் சொல்லாது

சிபிஆர் (இதயத்துடிப்பு நின்றவரின் மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) பயிற்சி முடித்த நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "நீங்க வச்சிருக்கிற அந்த ஆப்பை நானும் போட்டுக்கலாமா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். பேச ஆரம்பித்ததும் பழைய கோபம் கிளம்பிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

யாருக்காவது இதயத்துடிப்பு நின்றுவிட்டதாகக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு வந்தால், ஆம்புலன்ஸை அனுப்பும்போதே இந்தச் செயலியை வைத்திருக்கும், அருகில் உள்ள தன்னார்வலர்களின் போனும் அலறும். 3 வருடத்தில் எனக்கு 9 அலர்ட் வந்தது. 4 தடவை போய்ச் சேர்ந்தேன்.

அதில் ஒன்று பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. வரைபடத்தில் புள்ளி மிகச் சரியாக நின்றது. திறந்தவெளியில் சாதாரண போனே இடத்தை ஏறக்குறைய 5 மீட்டருக்குள் காட்டிவிடும். ஆனால் நான் நின்றது 9 மாடிக் கட்டடத்தின் வாசலில். எந்த மாடி? செயலியில் இல்லை. காவலாளிக்கும் தெரியவில்லை. படியில் ஏறி, தளம் தளமாகக் கத்திக்கொண்டே போனேன். 6-வது மாடியில் ஒரு கதவு திறந்திருந்தது. குறைந்தது 3 நிமிடம் போய்விட்டது. சிபிஆரும், இதயத்தை மீண்டும் துடிக்க வைக்கும் மின் அதிர்ச்சியும் (ஷாக்) கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும் என்று வகுப்பில் படித்தவன் நான். அந்தப் படிக்கட்டை இன்னும் மறக்க முடியவில்லை.

அப்புறம்தான் தெரிந்தது, அழைத்த மகள் மாடி எண்ணை முதலிலேயே சொல்லியிருக்கிறார். கட்டுப்பாட்டு அறையின் குறிப்பில் அது இருந்தது. செயலிக்கு முகவரி மட்டும்தான் வந்தது. அமெரிக்காவில், கட்டடத்துக்குள்ளிருந்து வரும் அவசர அழைப்புகளில் 80 சதவீதத்துக்கு உயரத்தையும் 3 மீட்டர் துல்லியத்தில் காட்ட வேண்டும் என்று 2019-இல் விதியே கொண்டுவந்தார்கள். நான் அவ்வளவு கூடக் கேட்கவில்லை. தரையிலிருந்து இத்தனை மீட்டர் என்றால் ஓடி வருகிறவனுக்கு எந்தக் கதவு என்று புரியாது. அழைத்தவர் சொன்ன அந்த ஒரு வரியை அப்படியே அனுப்பினால் போதும். 2 முறை எழுதிக் கேட்டேன். அதற்குப் பிறகு வந்த அப்டேட்டில் நிறம் மாறியது, எழுத்துரு மாறியது. மாடி வரவில்லை.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். அன்று அந்த மகள், போனில் கேட்ட குரல் சொன்னபடி அப்பாவின் மார்பை அழுத்திக்கொண்டிருந்தார். நான் மாறிக்கொண்டேன். பதற்றத்தில் என் கை வேகமெடுத்தது. செயலியின் தாள ஒலி நிமிடத்துக்கு 110 என்று தட்டத் தட்ட, கை அதற்குள் அடங்கியது. 100-லிருந்து 120-க்குள் நிற்க வேண்டும் என்பது தெரியும். அந்த நேரத்தில் எண்ண வராது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து என் தோளைத் தொடும்வரை அந்தச் சத்தம்தான் எனக்குத் துணை.

இப்படி ஆள் அனுப்புவதால் பயன் உண்டா என்றும் நண்பர் கேட்டார். ஸ்டாக்ஹோமில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், தன்னார்வலர்களை அழைத்த பிரிவில் 62 சதவீதம் பேருக்கு ஆம்புலன்ஸ் வருமுன்பே சிபிஆர் கிடைத்தது. அழைக்காத பிரிவில் 48.

5-க்கு 2 நட்சத்திரம்தான் தருவேன். நண்பரை இன்றைக்கே போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். போட்டதும் முதல் வேலையாக, பேட்டரி சேமிப்பிலிருந்து இந்தச் செயலிக்கு விலக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுக்காமல் விட்டதால், நள்ளிரவு அலர்ட் ஒன்றை நான் காலை 6 மணிக்குத்தான் பார்த்தேன்.