சின்னக் கைக்குச் சின்னக் கீபோர்டு மட்டும் போதாது

கை சின்னதா, கீபோர்டையும் சின்னதாக வாங்கினால் சரியாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். சில வருடங்களாக 65 சதவீத மெக்கானிக்கல் கீபோர்டில் தினமும் தமிழ் அடிக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அது பாதிதான் உண்மை. 60, 65, 75 சதவீதம் என்பதெல்லாம் எத்தனை விசைகளைக் குறைத்திருக்கிறார்கள் என்பதற்கான அடையாளம். மிச்சமிருக்கும் விசைகள் நெருங்கி வருவதில்லை. ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு 19.05 மி.மீ., அதாவது முக்கால் அங்குலம். ஃபுல் சைஸ் பலகையிலும் அதே அளவு, 60 சதவீதத்திலும் அதே அளவுதான்.

விரல்களை நன்றாக விரித்தாலும் என் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் நடுவே 17 செ.மீ.தான் வரும். மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் என் தொழில். நாள் முழுக்கத் தமிழ்99 என்ற விசை அமைப்பில்தான் அடிக்கிறேன். சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் பிறந்த இந்த அமைப்பில் உயிர்கள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. வேகத்துக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஆனால் வலது சுண்டுவிரலின் நிலைமையைப் பாருங்கள். ந அதன் இருப்பிடம். ய, ண, ழ, ச, ஞ எல்லாமே அதன் பொறுப்பு. ந இருக்கும் இடத்திலிருந்து ச ஏறக்குறைய 24 மி.மீ. தள்ளி, ஞ 38 மி.மீ. தள்ளி. பேக்ஸ்பேஸின் நடுப்பகுதியோ 65 மி.மீ. தொலைவில் இருக்கிறது. என் சுண்டுவிரலின் நீளமே அவ்வளவு இல்லை. 'கொஞ்சம்', 'மஞ்சள்', 'அஞ்சல்' என்று வரும்போதெல்லாம் ஞ, ச இரண்டையும் அடுத்தடுத்து அதே விரல்தான் அடிக்க வேண்டும். ஆங்கிலம் அடிப்பவர்களின் விமர்சனங்களில் இந்தச் சிக்கல் வரவே வராது, ஏனென்றால் அவர்களுக்கு அந்த இரண்டு விசைகளும் வெறும் சதுர அடைப்புக்குறிகள்.

சரி, 65 சதவீதத்தில் என்ன லாபம்? மவுஸ் பக்கத்தில் வருகிறது. எண்பகுதி போனதாலேயே வலது பக்கம் சுமார் 8 செ.மீ. குறைகிறது. தோளை வெளியே தள்ளாமல் மவுஸைத் தொட முடிவது சாயங்காலம் ஆகும்போதுதான் புரியும். எனக்குத் தோள்பட்டை வலி குறைந்ததற்குக் காரணம் இதுதான் என்று நம்புகிறேன். 60 சதவீதம் இன்னும் சின்னது, ஆனால் அதில் அம்புக்குறி விசைகள் தனியாக இருக்காது. மெய்ப்புத் திருத்துகிறவளுக்கு அது ஒத்துவராது.

நான் வைத்திருக்கும் 65 சதவீதப் பலகை கீக்ரான் வி2. அதைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள்: விசைகளுக்கு அடியில் இருக்கும் சுவிட்சுகளைச் சால்டரிங் இல்லாமல் பிடுங்கி மாற்றலாம், விசைகளின் வேலையையும் நாமே மாற்றி அமைக்கலாம். சின்னக் கைக்காரர்களுக்கு இந்த இரண்டு வசதியும் பிராண்டைவிட, விளக்கு அலங்காரத்தைவிட முக்கியம் என்று அடித்துச் சொல்வேன்.

விசை மாற்றத்தை முதலில் சொல்கிறேன். வியா என்ற செயலி குரோம் பிரவுசரிலேயே திறக்கும். மாற்றியது கீபோர்டின் நினைவிலேயே தங்கிவிடுவதால், எதையும் நிறுவ அனுமதிக்காத அலுவலகக் கணினியில் செருகினாலும் அப்படியே வேலை செய்யும். கேப்ஸ் லாக்கைத் தட்டினால் பேக்ஸ்பேஸ் ஆகும்படி வைத்திருக்கிறேன். இடது சுண்டுவிரலுக்கு அது பக்கத்து விசை, தமிழில் பெரிய எழுத்து கிடையாது என்பதால் நஷ்டமும் இல்லை. அதே விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ந தட்டினால் ஞ வரும். ச அடிக்கடி வருவதால் அதை அதன் இடத்திலேயே விட்டுவிட்டேன். ஒவ்வொரு ச-வுக்கும் இரண்டு கையையும் வேலை வாங்கினால் தாளம் கெட்டுவிடும். கை பழகுகிறவரை வேகம் நன்றாகவே குறைந்தது, அவசர வேலை இல்லாத நாட்களில் தொடங்குவது நல்லது. இன்னொரு குறை, தட்டினால் ஒரு வேலை, பிடித்தால் ஒரு வேலை என்று வைத்தபின் பேக்ஸ்பேஸை அழுத்திப் பிடித்து ஒரு வரியை அழிக்க முடியாது. அதற்காக மூலையில் இருக்கும் பழைய பேக்ஸ்பேஸையும் மாற்றாமல் வைத்திருக்கிறேன்.

அடுத்தது சுவிட்ச். செரி எம்எக்ஸ் ரெட் போன்றவற்றுக்கு 45 கிராம் அழுத்தம் வேண்டும், ப்ளூவுக்கு 60 கிராம். ஆள்காட்டி விரலுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நீட்டிய சுண்டுவிரலுக்கு நன்றாகவே தெரியும், விரலை நீட்டும்போது அதன் பலம் குறைகிறது. அதனால் பலகை முழுக்க 45 கிராம் வைத்து, ச, ஞ, ண, ய, ழ ஆகிய ஐந்துக்கும் மட்டும் 35 கிராம் அழுத்தமே கேட்கும் கேட்டரான் கிளியர் சுவிட்சுகளைப் போட்டேன். ந-வுக்கும் அதையே போட்டுப் பார்த்தபோது விரல் சும்மா இருந்தாலே எழுத்து விழுந்தது, அதற்கு 45 கிராம்தான் சரி. இது விசித்திர யோசனை இல்லை. ஜப்பானின் ரியல்ஃபோர்ஸ் கீபோர்டுகளில் சுண்டுவிரல் விசைகளுக்கு 30 கிராம், மற்றவற்றுக்குப் பெரும்பாலும் 45 கிராம் என்று பிரித்தே தரும் வகை உண்டு. விலைதான் எட்டாது.

உயரத்தைப் பலர் கவனிப்பதில்லை. வழக்கமான மெக்கானிக்கல் பலகையின் முன்விளிம்பே ஏறக்குறைய 2 செ.மீ. இருக்கும். குட்டை உள்ளங்கை அதன்மேல் ஏற மணிக்கட்டை மேல்நோக்கி மடிக்க வேண்டிவரும். பின்கால்களைத் தூக்கி வைத்தால் இன்னும் மோசம், மடக்கியே வையுங்கள். முன்னால் அதே உயரத்தில் ஒரு மரப்பலகை வைத்திருக்கிறேன். தட்டும்போது அல்ல, நிறுத்தி யோசிக்கும்போது உள்ளங்கையை வைக்க. விசைமூடிகளையும் உயரம் குறைந்த செரி வடிவத்துக்கு மாற்றினேன். எஸ்ஏ என்ற உயரமான வடிவ மூடிகள் படத்தில் அழகாக இருக்கும், ஆனால் மேல்வரிசைக்கு ஏறுவது மலையேற்றம். மணிக்கட்டு வலிதான் உங்கள் முதல் தொல்லை என்றால் லோ புரொஃபைல் வகையைப் பாருங்கள், கீக்ரான் கே3 மாதிரி. அதிலும் பக்கவாட்டு இடைவெளி குறையாது, உயரம் மட்டும்தான் குறையும்.

இடைவெளியே குறைய வேண்டுமா? கைல் சாக் என்ற உயரம் குறைந்த சுவிட்சுக்கென்று வடிவமைத்த, இரண்டாகப் பிரிந்த சில பலகைகளில் விசைகள் பக்கவாட்டில் 18 மி.மீ., மேல்கீழாக 17 மி.மீ. என்று நெருங்கியிருக்கும். சின்னக் கைக்கு உண்மையான விடை அங்கேதான் இருக்கிறது. ஆனால் அவற்றில் பல 34, 42 விசைகளோடு நின்றுவிடும், 34 விசைகளில் ச, ஞ இரண்டின் நெடுவரிசையும் இருக்காது, 42 விசைகளில் ஞ-வின் நெடுவரிசை இருக்காது. தமிழ்99 அடிப்பவர்கள் வாங்குவதற்கு முன் அந்த இரண்டு எழுத்தையும் எங்கே வைப்பது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கடையில் பார்த்து வாங்கும் வாய்ப்பு கிடைத்தால் ஆங்கில வாக்கியம் அடித்துப் பார்க்காதீர்கள். வலது ஆள்காட்டி விரலை ப-விலும் சுண்டுவிரலை ந-விலும் வையுங்கள், ஆள்காட்டி விரலை எடுக்காமல் ச-வைத் தொட்டு அழுத்துங்கள். விரல் நடுவில் பட்டு அழுந்தினால் அந்தப் பலகையில் நாள் முழுக்க உட்காரலாம். விளிம்பில் மட்டும் பட்டால் அடுத்ததை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.